ஆவடியில் இரண்டு கிளாஸ் தண்ணீர்

மதராசுக்கு வரும் மலேசியாக்காரர்கள் கோயிலுக்குப் போவார்கள், பட்டுப் புடவை எடுப்பார்கள், கடற்கரையில் சுண்டல் தின்பார்கள். நான் வந்தது ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் முன்னால் இரண்டு கிளாசில் தண்ணீர் வைத்து, எதில் அதிகம் என்று கேட்பதற்கு. இதைச் சொன்னபோது ஈப்போவில் என் அம்மா, "இதுக்குக் கப்பல் ஏறணுமா? நம்ம வீட்டுல குழாய் இல்லியா?" என்றாள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியை. விடுமுறைகளில் மேல்படிப்பு. அதில் பிள்ளைகளின் அறிவு எப்படி வளர்கிறது என்று ஒரு பாடம். சுவிட்சர்லாந்தில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிப் பேசிக் கண்டுபிடித்த சங்கதி. வாத்தியார் ஊற்றி நிரப்புவதற்குக் குழந்தையின் தலை ஒன்றும் காலிப் பாத்திரம் இல்லை. தொட்டு, கவிழ்த்து, தப்பாக நினைத்து, பிறகு அந்தத் தப்பைத் தானே திருத்தி, தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது என்பது அந்தக் கொள்கை.

அதற்கு ஒரு விளையாட்டு உண்டு. ஒரே மாதிரி இரண்டு அகலக் கிளாசில் சமமாகத் தண்ணீர் வைக்க வேண்டும். இரண்டும் ஒன்று என்று பிள்ளை ஒப்புக்கொண்டதும், அதன் கண் முன்னாலேயே ஒன்றிலிருப்பதை உயரமான ஒல்லிக் கிளாசில் ஊற்ற வேண்டும். இப்போது எதில் அதிகம்? ஐந்தாறு வயதுப் பிள்ளை உயரக் கிளாசைக் காட்டும். இரண்டு வருஷம் கழித்து அதே பிள்ளை, இது என்ன கேள்வி என்று நம்மை ஏற இறங்கப் பார்க்கும். இடையில் யாரும் அதற்குப் பாடம் எடுத்திருக்க மாட்டார்கள். "மதராஸ் பிள்ளைகளிடமும் கேட்டுப் பார்த்து வா, உனக்குத்தான் அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே" என்றார் என் விரிவுரையாளர்.

சொந்தம் என்றால் அம்பத்தூரை அடுத்த மேனாம்பேடு. தாத்தாவின் இரண்டு மகன்களில் இளையவர் ரப்பர் மரம் சீவக் கடல் தாண்டினார். அவர்தான் என் அப்பா. மூத்தவர் இங்கேயே அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டார். அவர் மகன் ஏகாம்பரம் அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். எங்கள் பக்கம் எஸ்டேட் என்றால் ரப்பர், அட்டைப்பூச்சி, மழை. இங்கே எஸ்டேட் என்றால் இரும்பு, கிரீஸ், ஆலைச் சங்கு. இரண்டிலும் வேலை முடிந்து வருகிறவர்கள் ஒரே மாதிரிதான் நடந்து வருகிறார்கள்.

"நாஷ்டா ஆச்சாம்மா?" என்றார் வள்ளி அண்ணி. எங்கள் ஊரில் "பசியாறியாச்சா?" என்போம். ஆனால் எங்கள் ஊர்ப் பசியாறலில் வடகறி கிடையாது. இட்லியின் தலையில் வடகறியை ஊற்றி அண்ணி வைத்த தட்டைப் பார்த்ததும், ஆராய்ச்சி எக்கேடோ கெடட்டும், பதினைந்து நாளும் இங்கேயே உட்கார்ந்து தின்றுவிடலாம் என்று தோன்றியது.

அன்று சாயங்காலமே அவர்கள் மகள் வசந்தாவிடம் விளையாட்டைத் தொடங்கினேன். ஆறு வயது, எண்ணெய் தடவிய இரட்டைப் பின்னல். ஊற்றினேன். நான் வாய் திறப்பதற்குள் அண்ணனே குனிந்து கேட்டார்.

"எதுல ஜாஸ்தி கீது, சொல்லு?"

"இதுல" என்று உயரக் கிளாசைத் தொட்டாள் வசந்தா. "எம்மாம் ஒசரம் கீது பாரு அத்தே!"

அண்ணனின் முகம் விழுந்துவிட்டது. "ஃபெயிலாம்மா?"

"இதுல பாசும் இல்லை, ஃபெயிலும் இல்லைண்ணே. அவ வயசுக்கு அவ சொல்றதுதான் சரி."

"தப்பா சொல்றதுதான் சரியா? இன்னாம்மா, மலேசியாவுல இப்டித்தான் பாடம் நடத்திகினு கீறீங்களா?"

அவர் கேலி செய்யவில்லை, கவலைப்பட்டார். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு நல்ல பள்ளி இருந்தது. அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குப் போக, வெளியாட்களுக்கு ஒன்றிரண்டு இடம்தான். அந்த ஒன்றிரண்டில் வசந்தாவுக்கு ஒன்று வேண்டும். மேனாம்பேட்டுப் பள்ளியில் ஒரே கொட்டகையில் மூன்று வகுப்பு. அண்ணன் படித்ததும் அங்கேதான், விட்டதும் அங்கேதான். "நான் மெஷின் முன்னால நின்னுகினே கீறேன். அது ஒரு நாற்காலில குந்தணும்மா" என்றார். நான் போகப் போவதும் அதே பள்ளிக்குத்தான் என்று தெரிந்ததும் என்னை அவர் பார்த்த பார்வையே வேறாகிவிட்டது.

அண்ணி அந்தத் தண்ணீரைக் கொட்டவிடவில்லை. சித்திரை மாதம், தெருவுக்கே ஒரு கைப்பம்பு. இரண்டு கிளாசையும் வாங்கி முருங்கைக்கன்றுக்கு ஊற்றிவிட்டு, "தண்ணியை வெச்சி வெளையாட்ற ஊரு போல உங்க ஊரு" என்றார்.

மறுநாள் வசந்தாவையும் கூட்டிக்கொண்டு ஆவடிக்கு ரயில் ஏறினேன். கரி எஞ்சின். மலேசியாவில் நான் ரயிலில் உட்கார்ந்துதான் பழக்கம். இங்கே ரயிலில் இருப்பது என்றால் எங்கேயாவது ஒரு கால் வைத்திருப்பது. ஒரு கீரைக்காரம்மா தன் கூடையை இறக்கி வைத்த இடம் என் பை. உள்ளே சடசடவென்று சத்தம்.

"இன்னாம்மா, பைக்குள்ள அப்பளமா கொண்டாந்தே?" என்றார் அவர். கடல் கடந்து வந்த என் உயரக் கிளாஸ் திருமுல்லைவாயிலைத் தாண்டவில்லை.

வசந்தாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. எஞ்சினுக்கு உயிர் இருக்கிறது என்று எனக்கு விளக்கிக்கொண்டு வந்தாள். ஓடுகிறது, மூச்சு விடுகிறது, தண்ணீர் குடிக்கிறது, இன்னும் என்ன வேண்டும்? "அப்போ சைக்கிளுக்கு?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "அதுக்கு அப்பா ஏறினாத்தான் உசுரு" என்றாள்.

ஆவடியில் இறங்கி நடந்தபோது பெரிய வண்டி ஒன்றின் மேல் டாங்கி ஒன்றை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் அதற்கு முன் டாங்கி பார்த்ததில்லை. "அத்தே, லாரி மேல லாரி! அதுக்கு மூக்கு மொளச்சிருக்கு!" என்று கத்தினாள். தெரிந்த ஒன்றை வைத்துத் தெரியாததைப் பிடிக்கப் பார்ப்பது பிள்ளைகளின் முதல் வேலை என்று பாடத்தில் படித்திருந்தேன். பிடி நழுவும்போது பிடியை மாற்றிக்கொள்வது அடுத்த வேலை. கொஞ்ச தூரம் நடந்ததும் தானாகவே சொன்னாள்: "அது லாரி இல்ல அத்தே. டிரைவர் எங்க குந்துவாரு? கண்ணாடியே இல்ல."

உடைந்த கிளாசுக்குப் பதில் ஸ்டேஷன் பக்கத்து நன்னாரி சர்பத் கடையில் ஒன்று கேட்டு வாங்கினேன். கடைக்காரர் சந்தோஷமாகவே கொடுத்தார். "அடி தடிப்பா கீற கிளாசும்மா. எட்டத்துலேர்ந்து பாத்தா நெறைய கீற மாதிரியே தெரியும். ஜனம் இதுலதான் கேக்குது." ஏழு வயதில் வந்த ஞானம் சர்பத்தைக் கண்டால் போய்விடும் போலிருக்கிறது. நானும் இரண்டு வாங்கிக் குடித்தேன்.

பள்ளியின் தலைமையாசிரியை ஸ்டெல்லா டீச்சர் நாகர்கோவில்காரர். என் விரிவுரையாளரோடு எப்போதோ ஒன்றாகப் படித்தவர். வெள்ளைச் சேலை, சத்தமில்லாத செருப்பு, பேச்சில் சர்க்கரை குறைவு. கோடை விடுமுறை ஆதலால் ஒரு வகுப்பறையை எனக்கு ஒழித்துத் தந்தார். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டு வந்தார்கள். மதுரை, கோவை, சேலம், தூத்துக்குடி என்று பேச்சு ஒவ்வொன்றும் ஒரு ருசி. ஆனால் உயரக் கிளாசைப் பார்த்ததும் சின்னதுகள் எல்லாம் ஒரே பக்கம் கை நீட்டின. எனக்குப் புல்லரித்தது. ஈப்போவில் என் பள்ளிப் பிள்ளைகளும் இப்படி உயரக் கிளாசைத்தான் காட்டியிருந்தார்கள்.

ஜன்னலுக்கு வெளியே இரண்டு மலையாளத்து அம்மாக்கள். எனக்கு அந்தப் பாஷை கொஞ்சம் புரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. "இந்தப் பெண்ணுக்கு என்ன? காலையிலிருந்து தண்ணீரை அதிலிருந்து இதில், இதிலிருந்து அதில் மாற்றிக்கொண்டே இருக்கிறாள்" என்றார் ஒருவர். "பாவம், அவர்கள் நாட்டில் தண்ணீர் கிடையாதோ என்னவோ" என்றார் மற்றவர்.

இரண்டாம் நாளும் ஒழுங்காகப் போயிற்று. மூன்றாம் நாள் முதலில் வந்த பையன், நான் கிளாசைக் கையில் எடுக்கும் முன்பே கைகட்டி நின்று, "ரெண்டும் ஒண்ணுதான் மிஸ்" என்றான். அடுத்து வந்த பெண்ணும் அப்படியே. ஐந்து வயதுத் தூத்துக்குடிக் குட்டி ஒன்று, வாசல் தாண்டும்போதே அதையே ராகமாகப் பாடிக்கொண்டு வந்தது. மாலையில் குவார்ட்டர்சில் நடந்தபோதுதான் விஷயம் விளங்கியது. வெளிநாட்டிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார், சரியாகச் சொல்லாத பிள்ளையை மறுபடி அதே வகுப்பில் போட்டுவிடுவார் என்று ஊரெல்லாம் பேச்சு. வீட்டுக்கு வீடு அம்மாக்கள் பதிலைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ஸ்டெல்லா டீச்சரிடம் போய்ப் புலம்பினேன். அவர் புலம்பலைக் கேட்கவில்லை, வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"வருஷா வருஷம் ஒண்ணாங்கிளாஸ் அட்மிஷனுக்கு ஏ, பி, சி, டி கேக்குறேன். எல்லாப் பிள்ளையும் கிளி மாதிரி ஒப்பிக்குது. அறிவை வெளியிலேர்ந்து ஊட்ட முடியாது, பிள்ளை தானாத்தான் கட்டணும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்போ இதுக்கு டியூஷன் வைக்க முடியாதுல்லா? இந்த வருஷம் வெளிப் பிள்ளைகளுக்கு இதையே கேட்டுருவோம். நீங்க பக்கத்துல இருங்க."

"டீச்சர், இது பரீட்சையே இல்லை. இன்னிக்குத் தெரியாத பிள்ளைக்கு அடுத்த வருஷம் தெரிஞ்சிடும். இதை வெச்சு ஒருத்தரை உள்ள விடறதும் வெளியே நிறுத்தறதும் பாவம்."

"ஏ, பி, சி, டியை வெச்சு நிறுத்துறது மட்டும் புண்ணியமா?" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னதுதான் தாமதம், தெருவுக்கே தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து மேனாம்பேட்டில் வகுப்பு நடந்தது. அண்ணன் வேலை விட்டு வந்து, கைக் கிரீசைத் துடைத்துக்கொண்டே தொடங்குவார். ஒரு அகலக் கிளாஸ், ஒரு உயரக் கிளாஸ். இரண்டும் காலி. கோடையில் பாடத்துக்கெல்லாம் யார் தண்ணீரைப் பாழாக்குவது?

"இதுல தண்ணி கீதுன்னு வெச்சுக்க. இதுல ஊத்தறேன்னு வெச்சுக்க. இன்னா சொல்லணும்?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஏன்னு கேட்டா?"

"கூட்டவும் இல்ல, கொறைக்கவும் இல்ல."

பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காவும் அடுத்த வருஷம் சேர்க்க வேண்டிய தன் மகனைக் கொண்டுவந்து ஓரமாக உட்கார வைத்தார். காற்றைக் காற்றில் ஊற்றி நடந்த அந்தப் பாடத்தை நான் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் இதே தெருப் பெண்கள் பம்படியில், உன் குடம் வாய் அகலம், என் குடம் வயிறு சின்னது என்று தண்ணீரைக் கையால் அளந்து சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையில் ஐந்து நிமிஷம் நின்றால் வசந்தாவுக்குப் பாதி பாடம் வந்துவிடும். ஆனால் சண்டைக்கு நடுவே பிள்ளை நிற்கக்கூடாதென்று அவளை உள்ளே துரத்திவிடுவார்கள்.

ஒரு மத்தியானம் அண்ணி எங்களுக்கு மோர் கொண்டுவந்தார், ஒரு குட்டை டம்ளரிலும் ஒரு நெட்டை டம்ளரிலும். "ரெண்டும் ஒரே அளவுதான், சண்டை போடாதீங்கோ" என்றார். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று பாடிக்கொண்டே வசந்தா நெட்டை டம்ளரை இழுத்துக்கொண்டாள். வாய் அப்பாவின் பதிலைச் சொன்னது, கை தன் பதிலைச் சொன்னது.

அன்று அண்ணனிடம் கொஞ்சம் சூடாகவே பேசிவிட்டேன். "அவளை விட்டுடுங்கண்ணே. இப்படிச் சொல்லிக் கொடுத்தா ஏன், எப்படின்னு டீச்சர் ஒரு கேள்வி கேட்டா மாட்டிக்குவா."

அண்ணன் கிளாசைக் கீழே வைத்தார். "உனுக்கு இன்னாம்மா. கேள்வி கேட்டுட்டு நீ கப்பல் ஏறிப் பூடுவே. அது இங்கதானே கீது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அன்று வடகறி இறங்கவில்லை எனக்கு.

சேர்க்கை நாளில் பள்ளி வராந்தா நிரம்பி வழிந்தது. அப்பாக்கள் சலவைச் சட்டையில், பிள்ளைகள் முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாக. அண்ணன் அரை நாள் லீவு போட்டிருந்தார். மேசை மேல் என் அகலக் கிளாஸ்கள், சர்பத் கடைக் கிளாஸ், ஒரு கூஜா தண்ணீர். ஸ்டெல்லா டீச்சர் ஊற்ற, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

முதல் பிள்ளை: "ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர், கூட்டவும் இல்ல, கொறைக்கவும் இல்ல." இரண்டாவது பிள்ளையும் அதே. மூன்றாவது பிள்ளை ராகத்தோடு. மேனாம்பேட்டுப் பாடம் அந்தப் பக்கம் பாடி என்ற ஊர் வரைக்கும் போயிருந்தது. டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு உயரக் கிளாசிலிருந்து பாதியை ஜன்னலுக்கு வெளியே வீசிவிட்டு, "இப்போ?" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்" என்றது அந்தப் பிள்ளை.

டீச்சர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். தோற்றுப்போன மாதிரி இருந்தது அவர் முகம்.

அடுத்து வசந்தா. அண்ணன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். டீச்சர் மறுபடி அளந்து ஊற்றினார். வசந்தா கைகட்டி, "ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். ஆனால் கண் உயரக் கிளாசை விட்டு நகரவில்லை. இத்தனை நாள் பாடத்தில் அவள் அதில் தண்ணீரைப் பார்த்ததே இல்லை.

"ஏன்?" என்றார் டீச்சர்.

வசந்தா கட்டிய கையை அவிழ்த்தாள். உயரக் கிளாசை இரண்டு கையாலும் தூக்கி, அதிலிருந்த தண்ணீரை அகலக் கிளாசில் திரும்ப ஊற்றினாள். தண்ணீர் பழைய இடத்தில் வந்து நின்றது. அவள் மூக்கு கிளாசில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். மறுபடி உயரத்தில் ஊற்றினாள். ஏறியது. மறுபடி அகலத்தில். இறங்கியது. கிளாசைத் தூக்கி அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாள்.

"ஒண்ணுதான்னு சொல்லும்மா!" என்று வாசலிலிருந்து அண்ணன் கிசுகிசுத்தார். டீச்சர் அவர் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தினார். அண்ணன் வாயை மூடிக்கொண்டார்.

வராந்தாவில் பிள்ளைகள் அழ ஆரம்பித்திருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "போதும்மா" என்றார் டீச்சர்.

"இரு டீச்சர்" என்றாள் வசந்தா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அந்தப் பள்ளியில் ஸ்டெல்லா டீச்சரை யாரும் அதுவரை 'இரு' என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பள்ளி ஆயா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார், சீட்டு போனது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. டீச்சர் எழுந்து வாசலுக்குப் போய், வெளியே நின்றவர்களிடம், "எல்லாரும் கொஞ்சம் பொறுங்க. உள்ள ஒரு பிள்ளை வேலையா இருக்கு" என்றார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேசை நனைந்தது, பாவாடை நனைந்தது. கடைசியில் வசந்தா நிமிர்ந்து, பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்த முகத்தோடு சொன்னாள்: "டீச்சர், இதுல ஊத்துனா வளருது. அதுல ஊத்துனா கொறையுது."

"உங்கப்பா ஒண்ணுதான்னு சொன்னாரே?"

"அப்பா ஊத்திப் பாக்கல டீச்சர்."

ஸ்டெல்லா டீச்சர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அண்ணனை உள்ளே கூப்பிட்டு, "பள்ளிக்கூடம் திறந்ததும் கூட்டிட்டு வாங்க. பாவாடையை மாத்தி விடுங்க" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, யாரும் பார்க்காமல் கிளாசைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில் அண்ணன் வசந்தாவைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. ஆனால் குழப்பம் தீரவில்லை. "தப்பாதானேம்மா சொல்லிச்சு? எப்டிக் குடுத்தாங்க?" அவள் தப்பாகச் சொன்னாலும் தானே தேடித் தப்பாகச் சொன்னாள், இன்னும் கொஞ்ச நாளில் சரியான இடத்துக்கும் தானே வந்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். அம்பத்தூர் வரை தலையாட்டிக்கொண்டே வந்தார். முழுவதும் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை நான் ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டில் அஞ்சலை அக்காவின் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மகன் கைகட்டி நின்றான். முன்னால் இரண்டு காலி கிளாஸ்.

"இன்னாடா சொல்லணும்?"

"இதுல ஊத்துனா வளருது, அதுல ஊத்துனா கொறையுது."

"ஆங். டீச்சர் போதும்னு சொன்னா?"

"இரு டீச்சர்."